நாலுக்கு மூணு

அம்மாவிடம் நான் சொன்ன ஒரு பொய்யை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அற்பமாகத் தெரியலாம். புது வீட்டு அடுப்படியில் ஜன்னல் எந்தப் பக்கம், என்ன அளவு என்று அம்மா கேட்டாள். "கிழக்குப் பாத்து இருக்கும்மா. நாலுக்கு மூணு" என்றேன். அப்படி ஒரு ஜன்னல் அந்த வீட்டில் கிடையாது. தெரிந்தேதான் சொன்னேன். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு அம்மா எழுந்து போய், 40 வருஷத்துக்கு மேல் குடியிருந்த தன் வீட்டைக் கிரயம் முடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எங்கள் ஊர் ஆலங்குளம். பெயரைச் சொன்னதும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளமா என்பார்கள். அது வேறு. இது ராஜபாளையத்துக்குக் கிழக்கே, வெம்பக்கோட்டை தாலுகாவில் இருப்பது. சிமெண்ட் ஆலை ஆலங்குளம் என்றால் விருதுநகர் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். டிட்கோ தொடங்கிய ஆலை. 1976-இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் உருவானபோது அதன் கைக்கு வந்தது. அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் விட்டுக் கூழாக அரைத்து, அந்தக் கூழைச் சுழலும் சூளைக்குள் விடுகிற பழைய முறை. ஏறத்தாழ 1450 டிகிரிச் சூட்டில் அது கிளிங்கர் கட்டிகளாக வெளியே விழும். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். அப்பா இதைச் சொல்லும்போது அம்மா, "மாவு ஆட்டுறது மாதிரிதான்" என்று முடித்துவிடுவாள்.

1981-இல் அப்பா அம்மா பெயரில் நாலு செண்டு மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தார். சிமெண்ட் அன்றைக்கு அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்த சரக்கு. 1982-இல் பாதிக் கட்டுப்பாட்டை விலக்கி, 1989-இல்தான் முழுசாக எடுத்தார்கள். பகல் பூராவும் சிமெண்டுக்கு நடுவில் நிற்கிற மனுஷர், சொந்த வீட்டுக்கு மூட்டை வாங்க பெர்மிட் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மூட்டை வந்தால் சுவர் ஏறும், வராவிட்டால் நிற்கும். ஏறிய சுவருக்கெல்லாம் தண்ணீர் விட்டது அம்மா. சிமெண்ட் காய்ந்து இறுகுகிற பொருள் இல்லை, தண்ணீர் குடித்து இறுகுகிற பொருள் என்பது அப்பா அடிக்கடி சொல்கிற பாடம். நான் வயிற்றில் இருந்தேன். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து இடுப்பில் சுமந்து வந்து, காலையும் சாயந்தரமும் ஒவ்வொரு சுவராக நனைத்திருக்கிறாள். அந்த வீட்டின் எந்தச் சுவர் எப்போது எழும்பியது, எது வெயிலில் சீக்கிரம் காயும், எதில் ஆணி இறங்காது என்று அவளுக்குத் தெரியும். வீடு என்பதை அம்மா அப்படித்தான் அறிந்தவள். அவளைத்தான் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காத வீட்டுக்கு நான் குடி கூட்டிப் போனேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸில் இருக்கிறேன். ஷிப்ட் மாறுகிற நேரங்களில் ஆபீஸில் இருந்தாக வேண்டும். பஸ்ஸில் போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். மகளுக்கு ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம், டியூஷன். அவள் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். மனைவி ஒரு நாள் சோற்றைப் போட்டபடி, "நாம எல்லாரும் ராத்திரி தூங்க மட்டுந்தான் இந்த வீட்டுக்கு வாரோம். பகல் பூராம் அத்தை தனியா இருக்காங்க" என்றாள். அதன் பிறகுதான் அடுக்குமாடி வீடு பார்க்க ஆரம்பித்தோம். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. தை மாதம் அட்வான்ஸ் கொடுத்தேன். வங்கிக் கடன் போக மீதிக்கு ஆலங்குளம் வீட்டை விற்றால்தான் ஆகும்.

அம்மா மறுக்கவில்லை. முதலில் நிலத்தைப் பற்றித்தான் கேட்டாள்.

"எத்தன செண்டுய்யா?"

எங்கள் பங்கு 380 சதுர அடி. ஒரு செண்டுக்கு 435 சதுர அடி சொச்சம். ஒரு செண்டுகூட இல்லை என்று சொல்ல வாய் வராமல், "ஒரு செண்டுக்குப் பக்கம்மா" என்றேன்.

"அது எந்தப் பக்கம் வருது?"

பிரிக்கப்படாத பங்குக்குப் பக்கம் கிடையாது. மண் மொத்தமும் எல்லோருக்கும் பொது. இது என்னுடையது என்று காலால் கோடு போட முடியாது. அதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். நாலு செண்டின் நாலு மூலையிலும் கல் ஊன்றியபோது கூடவே நின்றவள் அவள், சொன்னால் புரிந்துகொள்வாள். "பத்திரத்துல எல்லாம் தெளிவா இருக்கும்மா" என்று எழுந்துவிட்டேன். முதல் தடவை நழுவியது அங்கேதான். ஒரு தடவை நழுவிவிட்டால் அடுத்த தடவை கால் தானாகப் போகிறது.

அந்த வீட்டு அடுப்படிக்கு நேராக வெளிச்சுவர் கிடையாது. பாத்திரம் கழுவுகிற சின்ன இடம் ஒன்று ஒட்டினாற்போல இருக்கிறது. அதன் மேல் பக்கம், கைக்கு எட்டாத உயரத்தில், இரண்டடிக்கு ஒன்றரையடி சைஸில் பட்டை பட்டையான லூவர் கண்ணாடி. அதைத் திறந்தால் தெரிவது குழாய்கள் இறங்குகிற ஷாஃப்ட். பக்கத்து வீட்டு லூவர் எதிரே ஒரு கை தூரத்தில் இருக்கும். பிளானில் அந்த இடத்தில் ஜன்னல் என்றுதான் குறித்திருந்தது. இதை வைத்துக்கொண்டு பல நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன்: ஜன்னல் இருக்கிறது என்றுதானே சொன்னேன், இருக்கிறதே என்று. நாலுக்கு மூணு என்றதற்கும் கிழக்கு என்றதற்கும் எந்தப் பிளானும் துணைக்கு வராது.

அம்மாவுக்கு அந்த ஜன்னல் ஏன் முக்கியம் என்பதும் எனக்குத் தெரியாதது இல்லை. ஆலங்குளம் வீட்டில் அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்த்தது. காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போது வெயில் அம்மாவின் கை மேல் விழும். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் கரிசல் மண் பறந்து வந்து சோற்றில் விழாமல் இருக்க, அந்த ஜன்னலுக்கு ஒரு மெல்லிய துணி கட்டிவிடுவாள். காற்று வரும், மண் வராது. துணி சத்திரப்பட்டித் துணி. அம்மா பிறந்த ஊர் அது. ராஜபாளையம் போகிற வழியில் இருக்கிறது. ஊர் பூராவும் தறி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் அங்கே நெய்வதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவும் தார் சுற்றியவள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தம்பி வீட்டுக்குப் போய் இரண்டு மீட்டர் வாங்கி வந்து, ஓரம் மடித்துத் தைத்து, மேலே நாடா கோத்துக் கட்டுவாள். பழைய துணி கஞ்சி வடிக்கப் போய்விடும்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை கிரயத்துக்கு நாள் குறித்தோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம். டோக்கன் போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வாங்குகிறவர் டீ வாங்கிக் கொடுத்தார். வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்துத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா டீயை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"எய்யா, அங்க அடுப்படியில ஜன்னல் இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"எங்கிட்டுப் பாத்து?"

"கிழக்க பாத்து."

"அளவு சொல்லு. நாளைக்கு மாமா வீட்டுக்குப் போறேன், துணி வாங்கணும்."

"நாலுக்கு மூணு."

சொல்லி முடிக்கவும் எங்கள் டோக்கன் நம்பரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாள். விரலை வைக்கச் சொன்னார்கள். வீட்டு வேலை செய்தே தேய்ந்த ரேகை, மெஷினில் விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை பதிந்தது. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ரேகை பதியாமல் இருந்த அந்த இரண்டு நிமிஷம் எனக்கு அவகாசம் இருந்தது. "அம்மா, ஒரு நிமிஷம் வெளிய வா" என்று கூப்பிட்டிருக்கலாம். நான் வேண்டிக்கொண்டிருந்தது சீக்கிரம் பதியட்டும் என்று.

சாவி ஆனி மாதமே கைக்கு வந்துவிட்டது. நாள் பார்க்கிறவர் ஆனி வேண்டாம், ஆடியும் ஆகாது, ஆவணியில் பால் காய்ச்சலாம் என்றார். கிரயம் வாங்கியவரும் ஆவணி வரை இருந்துகொள்ளச் சொன்னார். ஆக இரண்டு மாதம் சாவி என் ஸ்கூட்டர் டப்பாவில் கிடந்தது. குடிபோகத்தான் ஆடி ஆகாது. வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வர ஆடி தடையில்லை. "அத்தையை ஒரு தடவ கூட்டிட்டுப் போயிக் காட்டிருங்க" என்று மனைவி மூன்று தடவை சொன்னாள். முதல் தடவை பெயிண்ட் வாடை போகட்டும் என்றேன். இரண்டாவது தடவை லிஃப்ட் ஓடவில்லை, அம்மா முழங்காலை வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏற முடியாது என்றேன். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாவது தடவை கோபப்பட்டேன். அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அத்தை எங்கிட்ட ஜன்னலைப் பத்திக் கேட்டா, உங்ககிட்டயே கேக்கச் சொல்லுவேன். நான் பொய் சொல்ல மாட்டேன்."

எதற்குப் பயந்தேன் என்று இப்போது நிதானமாக யோசித்தால், அம்மா வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்பதற்கு இல்லை. வேண்டாம் என்று சொல்கிற இடத்தைக் கிரயம் தாண்டிவிட்டது. அவள் அந்த அடுப்படியில் நின்று மேலே பார்த்துவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாளே, அந்த ஒரு பார்வைக்குப் பயந்தேன். அதைத் தள்ளிப் போடுவதற்காக அவளுடைய இரண்டு மாதத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆடிப்பூரத்துக்கு அம்மா வருஷம் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போவாள். இந்தத் தடவை அவளை நான் கூட்டிப் போனேன். தேர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பேத்திக்குப் பால்கோவா வாங்கினாள். திரும்பி வரும்போது ராஜபாளையத்தில் இறங்கி ஆலங்குளம் பஸ்ஸுக்கு நின்றோம். மணி ஐந்துகூட ஆகவில்லை. மேற்கே மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "இங்கனதான வீடு இருக்குன்ன?" என்றாள். நடந்தால் பத்து நிமிஷம். சாவி அன்றைக்கு என் சட்டைப் பையில் இருந்தது. கை வைத்தால் துணி வழியாகப் பல் குத்தும். "நேரமாச்சும்மா. இந்த பஸ்ஸை விட்டா அடுத்தது ஏழு மணிக்குத்தான்" என்றேன். அதுவும் பொய். அம்மா தலையை ஆட்டிவிட்டு, பால்கோவாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த வீட்டின் பால்கனியில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மறைப்பும் இல்லாமல் தெரியும். மழை நின்ற காலை வேளையில் மடிப்பு மடிப்பாகத் தெரியும். அம்மாவுக்கு மலை பிடிக்கும். "அடுப்படியில வெளிச்சம் வராதும்மா, ஆனா பால்கனியில உக்காந்தா மலையைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்று நான் சொல்லியிருந்தால் அவள் சரி என்றிருப்பாள். அம்மாவை எனக்குத் தெரியும். சொல்வதற்கு நல்ல உண்மை ஒன்று கையில் இருந்தது. அதை விட்டுவிட்டுப் பொய்யை எடுத்தேன்.

இதற்கிடையில் அன்றாடப் பாடு நிற்கவில்லை. மகளுக்குக் காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மில்லில் இரண்டு பேர் லீவு, நான் டபுள் டூட்டி பார்த்தேன். கேஸ் இணைப்பை மாற்ற, ரேஷன் அட்டையில் முகவரி மாற்ற என்று எழுதிக் கொடுத்து அலைந்தேன். சாமான் கட்டுகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். பரணிலிருந்து அப்பா காலத்துச் சணல் சாக்குகளை இறக்கினாள். ஒரு காலத்தில் சிமெண்ட் வந்த சாக்கு. துவைத்து மடித்து வைத்திருந்தாள். பித்தளைக் குடம், அண்டா, இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் பழைய சேலையில் சுற்றிச் சாக்கில் இறக்கி வாயைத் தைத்தாள். கடைசிப் பதினைந்து நாளும் ஒரே தோசைக்கல்லிலும் மூன்று பாத்திரத்திலும் சமைத்துப் போட்டாள். எங்கள் யாருக்கும் ஒரு வேளை சாப்பாடு தப்பவில்லை.

ஒரு ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தபோது தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மெஷினையும் மறுநாள் கட்ட வேண்டும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் காஸ் துணி மடியிலிருந்து தரை வரை வழிந்து கிடந்தது. சத்திரப்பட்டியிலிருந்து வாங்கி வந்து இரண்டு தடவை தண்ணீரில் போட்டுச் சுருங்க விட்டு, பிறகு அளந்திருக்கிறாள். அளவு பிசகக் கூடாதே என்று. நான்கு ஓரமும் மடித்து, மூலைக்கு மூலை இரட்டைத் தையல் போட்டு, மேலே நாடாவுக்கு வழி விட்டிருந்தாள். துணியின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். மறு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து விரித்தாள்.

"நாலு சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா."

துணிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. அப்போதும் சொல்லவில்லை.

ஆவணியில் குறித்த நாளில் விடியற்காலம் பால் காய்ச்சினோம். குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், பருப்பு, ஒரு குடம் தண்ணீர் எல்லாம் முதலில் உள்ளே போக வேண்டும் என்பது முறை. அம்மா உப்பு ஜாடியை ஏந்திக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தாள். நேராக அடுப்படிக்குப் போனாள். நான் ஹாலிலேயே நின்றுவிட்டேன். லைட்டைப் போடுகிற சத்தம் கேட்டது. பால் பொங்கியது, மனைவி கூப்பிட்டாள், உள்ளே போனேன். அம்மாவின் இடுப்பில் அந்தத் துணி மடித்துச் செருகியிருந்தது. கையோடு கட்டிவிடலாம் என்று கொண்டு வந்திருக்கிறாள். கழுவுமிடத்துக்கு மேலே இருந்த லூவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பாலை டம்ளர்களில் ஊற்ற ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு மாதமாக நான் பயந்த பார்வையை அவள் எனக்குக் கொடுக்கவில்லை. அன்றைக்கும் அதற்கு அப்புறமும் ஜன்னல் என்ற வார்த்தையை என்னிடம் பேசவில்லை.

குடிவந்த பிறகு ஒரு செய்தி படித்தேன். உலகத்தில் அடுக்குமாடி வீட்டுக்கென்று அளந்து திட்டமிட்ட சமையலறைகளில் பேர்போனது 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் வந்தது. வரைந்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர். ஏழு சதுர மீட்டருக்கும் குறைவான இடம். அவ்வளவு நெருக்கத்திலும் வேலை செய்கிற பலகையை ஜன்னலுக்கு நேராகத்தான் வைத்திருக்கிறார். சமைக்கிறவரின் கை மேல் வெளிச்சம் விழ வேண்டும் என்பதை எங்கோ இருந்த ஒருவர் முதல் கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார். என் வீட்டில், என் அம்மா வாய் விட்டுக் கேட்டும், நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பாத்திரம் எடுக்கப் போனபோது லூவரை நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைத் துணி கட்டியிருந்தது. இரண்டுக்கு ஒன்றரை. மகளை ஸ்டூலில் ஏற்றி அளவெடுக்கச் சொல்லியிருக்கிறாள். பெரிய துணியை வெட்டியிருக்கிறாள். இரண்டு ஓரத்தில் பழைய இரட்டைத் தையல், மற்ற இரண்டு ஓரத்தில் புதுசாகக் கையால் போட்ட தையல். மீதித் துணி நாலு துண்டாகக் கஞ்சி வடிக்க மடித்து வைத்திருந்தது. புதுத் துணியை அம்மா கஞ்சி வடிக்க எடுத்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு இதை எழுதத் தோன்றவில்லை. போன வாரம் ஒரு சாயந்தரம் அம்மா பால்கனியில் உட்கார்ந்து சத்திரப்பட்டி மாமாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நான் வந்தது அவளுக்குத் தெரியாது.

"அதெல்லாம் நல்லா இருக்குப்பா. அடுப்படியில பெரிய ஜன்னல். கிழக்க பாத்து. காலைல வெயில் அப்படியே உள்ள விழுது. நீ குடுத்த துணியத்தான் கட்டியிருக்கேன், அளவு அச்சா இருக்கு. பொங்கலுக்கு வாங்க, பாக்கலாம்."

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். வாசலில் வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் நின்றேன். அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. என் பொய்யை அவள் தம்பியிடம் அவள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவள் சொல்ல வேண்டிய பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மில்லிலிருந்து மாமாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன அளவு, ஆடிப்பூரத்தன்றைக்குச் சட்டைப் பையில் இருந்த சாவி, வெட்டிய துணி. மாமா நடுவில் ஒன்றும் பேசவில்லை. பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இத அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மாமா" என்றேன்.